மலைக்கு வந்த கார் ஆம்ப்

போன அக்டோபர் 2ஆம் தேதி ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் கிராம சபைக் கூட்டம். முந்தின நாள் ராத்திரி அடித்த காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து ஊரில் கரண்ட் இல்லை. ஆனால் மைக் வேலை செய்தது. வேலை செய்ய வைத்தது ஒரு வேனிலிருந்து கழற்றிய கார் ஆம்ப்ளிஃபயர். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருக்கிறது. வழக்கம்போல் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் ரேடியோவை 'தே-எஸ்-எஃப்' என்பார். கம்பியில்லாத் தந்தி என்பதன் சுருக்கம் அது. ஸ்பீக்கருக்குப் பிரெஞ்சில் 'ஓ-பர்லர்' என்று பெயர். உரக்கப் பேசுவது என்று அர்த்தம். தமிழில் நாம் 'ஒலிபெருக்கி' என்கிறோம். யோசித்துப் பார்த்தால் ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் அதை வெளியே சொல்கிறது, அவ்வளவுதான். ஊர் ஜனங்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. எல்லாம் சேர்த்து 'மைக் செட்' என்று சொல்லிவிட்டார்கள்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது நான் சின்னப் பையன். அன்றைய பேச்சுகளில் ஒரு வார்த்தையும் நினைவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த சாம்பல் நிறக் குழாய் ஸ்பீக்கர் மட்டும் நினைவிருக்கிறது. அதன் வாய்க்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று என் தங்கை நம்பினாள்.

அந்தக் குழாய் பிறந்த கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் கலிபோர்னியாவில், காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருளை வைத்து அதில் மின்சாரம் செலுத்தி, அது ஆடுகிற ஆட்டத்தைப் புனல் வழியாக வெளியே விட்டார்கள். 1915இல் அதற்கு 'மேக்னவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'பெரிய குரல்'. 1919இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான்டியாகோ நகரில் சுமார் 50,000 பேருக்கு முன்னால் இந்தக் கருவியின் துணையோடு பேசினார். அதற்கு முன் அவ்வளவு பெரிய கூட்டத்தில் கடைசி வரிசைக்காரர் தலைவரின் உதடு அசைவதைத்தான் பார்த்துவிட்டுப் போயிருப்பார். 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் புனலை விட்டுவிட்டு, காகிதக் கூம்பு ஒன்றை நேராக ஆட்டிவிட்டார்கள். இன்றைக்கு டிவிக்குள்ளும், கார் கதவுக்குள்ளும், ஆளுயர சப்வூஃபர் பெட்டிக்குள்ளும் இருப்பது அந்தக் காகிதக் கூம்பின் வாரிசுதான்.

நம் பக்கத்தில் 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்தியது. பணமில்லாமல் அது நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வீட்டில் ரேடியோ பெட்டி வைக்க வசதி இல்லாதவர்கள் கடற்கரையில் வைத்த ஒலிபெருக்கியில் கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மறு வருஷம் திருச்சி. பிறகு பஞ்சாயத்து ரேடியோக்கள் வந்தன. கரண்ட் இல்லாத ஊர்களில் அவை பேட்டரியில் பாடின. பேட்டரியில் பாடுவது என்பது தமிழ்நாட்டு கிராமங்களுக்குப் புது விஷயமே இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இனி காருக்கு வருகிறேன். 1930இல் சிகாகோவில் கால்வின் என்ற அண்ணன் தம்பிகளின் கம்பெனி காரில் பொருத்தும் ரேடியோவைக் கொண்டுவந்தது. அதற்கு 'மோட்டோரோலா' என்று பெயர். நாம் பின்னாளில் செல்போனில் பார்த்த அதே பெயர்தான். அந்தக் காலத்துக் கார் பேட்டரி 6 வோல்ட். ரேடியோவில் இருந்த வால்வுகளுக்கோ 200 வோல்ட் பக்கம் வேண்டும். பேட்டரியின் நேர் மின்சாரத்தை அப்படியே டிரான்ஸ்ஃபார்மரில் விட்டால் ஒன்றும் நடக்காது. அதனால் 'வைப்ரேட்டர்' என்ற சின்ன டப்பாவை வைத்தார்கள். அதற்குள் ஒரு தகடு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் அடித்து அடித்து மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும். வெட்டிய மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி உயரும். ரேடியோவைப் போட்டால் முதலில் கேட்பது அந்த 'ங்ங்' சத்தம்தான்.

டிரான்சிஸ்டர் வந்ததும் வைப்ரேட்டர் செத்தது. கார் பேட்டரியும் 1950களில் 12 வோல்ட்டாக மாறியது. டிரான்சிஸ்டர் 12 வோல்ட்டிலேயே நன்றாக வேலை செய்யும். ஆனால் அதில் ஒரு கஞ்சத்தனம் உண்டு. கணக்குப் பிள்ளையாக இருந்தவன், கணக்கைப் போட்டுக் காட்டாமல் விடமாட்டேன்.

வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கரை மேலும் கீழும் ஆட்ட வேண்டும் என்பதால் ஒரு பக்கத்துக்கு 7.2 வோல்ட்தான் கிடைக்கும். 4 ஓம் ஸ்பீக்கரில் இது சுமார் 6.5 வாட். அதற்கு மேல் சத்தத்தைத் திருகினால் பாட்டு கிழியும். இதைத் தாண்ட ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒரே ஸ்பீக்கரின் இரண்டு முனைக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர். ஒன்று மேலே இழுக்கும்போது மற்றது கீழே இழுக்கும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி மாதிரி. வோல்ட் இரட்டிப்பானால் வாட் நான்கு மடங்காகும். ஆக 26 வாட். இதற்குத்தான் 'பிரிட்ஜ்' என்று பெயர். கார் ஸ்டீரியோவின் முகத்தில் '50 வாட் × 4' என்று போட்டிருக்கிறதே, அது 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் வருகிற 52க்குப் பக்கத்து எண். பாட்டு முழுவதும் ஒரே கிழிசலாக இருந்தால்தான் அந்த எண் உண்மையாகும்.

எங்கள் ஊர்ப்பக்கம் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்களைக் கேட்டால் 'நாலாயிரத்து நானூத்தி நாப்பது' என்பார்கள். சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த எல்ஏ4440 என்ற ஐசி அது. ஸ்டீரியோவாகப் போட்டால் 6 வாட் வீதம் இரண்டு. பிரிட்ஜ் செய்தால் 19 வாட். மேலே போட்ட கணக்கும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதைப் பாருங்கள். அந்த ஐசி போட்ட போர்டைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, வீட்டில் டிரான்ஸ்ஃபார்மரிலோ பழைய பேட்டரியிலோ ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யக் காசில்லாதவர்கள் மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார்கள். சலூனிலும் டீக்கடையிலும் மூலையில் ஒரு பானை இளையராஜா பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். பானைக்குள் அடைபட்ட காற்று அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்கும். அதுவும் ஒரு சப்வூஃபர்தான். பிரெஞ்சில் சப்வூஃபருக்கு 'கெசோன் த பாஸ்', அதாவது அடித்தொனிப் பெட்டி என்று பெயர். நம் ஆட்கள் பெட்டிக்குப் பதில் பானை வைத்தார்கள்.

திருவிழா மைக் செட்டுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அகுஜா ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பார்த்தீர்களானால், வீட்டுக் கரண்டுக்கு ஒரு வழி, 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு வழி என்று இரண்டும் இருக்கும். தேர்தல் ஜீப்பிலும் சினிமா விளம்பர வண்டியிலும் அது பேட்டரியில்தான் ஓடியது. கூடவே குழாய் ஸ்பீக்கர். குழாய்க்கு ஒரு பெரிய குணம் உண்டு. ஒரு வாட் கொடுத்தால், சாதாரணக் கார் ஸ்பீக்கருக்கு முப்பது வாட்டுக்கு மேல் கொடுத்தால் வருகிற சத்தத்தைக் கொடுத்துவிடும். சீர்காழி கோவிந்தராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் பக்கத்து ஊர் வரைக்கும் போனது அதனால்தான். அதே காரணத்தால்தான் அது பலருக்குத் தலைவலியும் ஆனது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒலிபெருக்கி அனுமதி கேட்கும் மனுக்கள் என் மேசை வழியாகத்தான் போகும். 'கோயில் விழா, மூன்று நாள்' என்று ஒரு மனு வந்தால், 'பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை' என்று மறு வாரம் இன்னொரு மனு வரும். இரண்டிலும் முத்திரை குத்தி அனுப்புவேன். 2000ஆம் ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இப்போது கூம்பு ஸ்பீக்கருக்குப் பல இடங்களில் போலீஸ் அனுமதி தருவதில்லை. அதன் இடத்தைப் பெட்டி ஸ்பீக்கர்கள் பிடித்துக்கொண்டன.

இப்போது மலை. ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு ஜமுனாமரத்தூரில் இருக்கிறேன். மருமகன் பள்ளி ஆசிரியர். இங்கே சாமையும் தேனும் பலாவும் உண்டு. காவலூரில் வைணு பாப்பு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1972இல் வந்த 40 அங்குலத் தொலைநோக்கியை அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். ராத்திரி இருட்டாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். இருட்டோடு நிசப்தமும் சேர்ந்தே இருந்தது. அதைக் கலைத்தது வேன்கள்தான். போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் வேன்களில் சப்வூஃபர் அதிர்வது வளைவு தாண்டுவதற்கு முன்பே நெஞ்சில் தெரியும்.

அப்படி ஒரு வேன் வைத்திருக்கும் தம்பி எனக்குப் பழக்கம். மலையாளி பழங்குடிக் குடும்பத்துப் பையன். கடன் வாங்கி வண்டி வாங்கினான். சீட்டுக்கு அடியில் நாலு சேனல் கார் ஆம்ப் வைத்திருக்கிறான். அதன் பெட்டியில் 2000 வாட் என்று போட்டிருந்தது. "தம்பி, ஃப்யூஸ் எத்தனை?" என்றேன். 25 ஆம்பியர் இரண்டு. 50 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 690 வாட். அதில் சூடாகப் போனது போக வெளியே வருவது அதிகபட்சம் 400 வாட். "ஃப்யூஸ்தான்யா நிஜத்தைச் சொல்லுது" என்று சிரித்தான்.

இந்த ஆம்புக்குள் இருப்பது என்ன தெரியுமா? பழைய வைப்ரேட்டரின் பேரன். 12 வோல்ட்டை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, கூட்டியும் கழித்தும் 25, 30 வோல்ட்டாக்கிக் கொடுக்கிறது ஒரு மின்சுற்று. ஓடுவது தகடு இல்லாமல் டிரான்சிஸ்டர் என்பதால் 'ங்ங்' சத்தம் காதுக்குக் கேட்பதில்லை. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இனிக் கூட்டத்துக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுது வரும் பழங்குடியினர் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். யாருடைய கோரிக்கை சரி என்று முதலில் பார்ப்பது கிராம சபைதான். பெயரும் பரப்பும் சபையில் வாசிக்கப்பட வேண்டும். முந்தின வருஷம் ஒரு கூட்டத்தில் பட்டியலை வாசித்தார்கள். வெறும் குரல், காற்று, ஓரமாகப் பேசுகிறவர்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்குத் தன் பெயரில் வாசித்த நிலத்தின் அளவு காதில் விழவில்லை. கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். இரண்டு ஏக்கர் என்று இருக்க வேண்டியது அரை ஏக்கராகப் பதிந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்தக் கோரும் மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். என் வலது காதும் மந்தம். கேட்காத இடத்தில் தலையாட்டுகிற பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம் திருத்திய பட்டியலை வாசிக்கும் நாளில்தான் கரண்ட் போனது. வாடகை மைக் செட் கீழேயிருந்து வரவேண்டும், வழியில் மரம். தம்பியிடம் போய் நின்றேன்.

"ஐயா, அது பாட்டு கேக்குற செட்டு. மைக்குக்கு ஆகுமா?"

"ஆக்குவோம்."

ஆம்பைக் கழற்றி வெளியே வைத்தோம். முதலில் அது உயிர் வரவே மறுத்தது. காரில் ஸ்டீரியோவைப் போட்டால்தான் ஒரு மெல்லிய வயர் வழியாக ஆம்புக்கு 'எழுந்திரு' என்று 12 வோல்ட் போகும். அந்த 'ரிமோட்' முனையில் பேட்டரியிலிருந்து ஒரு துண்டு வயர் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து மைக்கை நேராகச் சொருகினால் கொசு மாதிரிக்கூடச் சத்தமில்லை. மைக் தருவது சில மில்லிவோல்ட். ஆம்ப் எதிர்பார்ப்பது அரை வோல்ட்டுக்கு மேல். பள்ளியில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மிக்சர் இருந்தது, மருமகன் அனுமதி வாங்கி எடுத்து வந்தார்.

பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரில், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆம்பில் இருக்கும் ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்றும். வயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் வண்டியைக் காப்பாற்றப் பேட்டரிப் பக்கத்து ஃப்யூஸ்தான் வேண்டும். டிராக்டர் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கிப் போட்டோம். முன்னொரு தடவை இரண்டு சேனலைப் பிரிட்ஜ் செய்து அதில் 2 ஓம் சப்வூஃபர் கொடுத்து ஒரு ஆம்பையே எரித்திருக்கிறான் தம்பி. பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதியைத்தான் பார்க்கும். 2 ஓம் அதற்கு 1 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜுக்கு 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்பதைக் கடன் தவணையோடு சேர்த்துப் படித்துக்கொண்டான்.

முன் இரண்டு சேனலில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள். பின் இரண்டும் பிரிட்ஜில் 12 அங்குல சப். தலைவர் பேசிப் பார்த்தார். இடி இடிப்பது போலிருந்தது. சத்தம் நிறைய, வார்த்தை ஒன்றும் புரியவில்லை. நான் சப்பைக் கழற்றச் சொன்னேன். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. வாங்கியதிலேயே விலை கூடினது அதுதான்.

காரணம் சொன்னேன். பாட்டுக்கு அடித்தொனி வேண்டும். பேச்சில் க, ச, ட, த, ப எல்லாம் இருப்பது மேல் ஸ்தாயியில், 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வயதானவர்களுக்கு முதலில் போவதும் அந்த மேல் ஸ்தாயிதான். அடித்தொனி அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் 'அரை'யும் 'ஆறு'ம் ஒன்றாகிவிடும். ஆம்பில் இருந்த வடிகட்டியை 80லிருந்து 150 ஹெர்ட்ஸுக்குத் திருப்பினோம். ஸ்பீக்கர்களை வேன் கூரையில் தலைக்கு மேல் ஏற்றி, மைக்கை அவற்றுக்குப் பின்னால் வைத்தோம். ஊளைச் சத்தம் நின்றது. கார் ஸ்பீக்கருக்குக் குழாய் மாதிரித் தூரம் போகச் சக்தி கிடையாது; தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அதனால் ஜனங்களைக் கிட்டே வந்து உட்காரச் சொன்னோம். என்ஜினை ஓட விட்டபோது ஆல்டர்னேட்டரின் கீச்சுக்குரல் ஸ்பீக்கரில் வந்தது. அணைத்துவிட்டோம். 100 ஆம்பியர்-மணி பேட்டரி; பாட்டை முழு வீச்சில் போட்டால்கூட பாதி தீர மூன்று மணி நேரமாகும். பேச்சுக்கு அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். கணக்கைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன்.

பட்டியலை வாசித்தார்கள். பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெயரும் அளவும் வந்தது. இரண்டு ஏக்கர் இல்லை, ஒன்றரை.

பாட்டி எழுந்து நின்றார். "ரெண்டு. ஓடைக்கு அந்தாண்ட இருக்கிற களமும் சேத்து ரெண்டு" என்றார். மைக் அவர் கைக்குப் போனது. தன் நிலத்தின் நாலு எல்லையையும், எந்த மரம், எந்தப் பாறை, யார் வயல் என்று நிதானமாகச் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஆமாம் என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதினார்கள். எழுதியதை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

அளந்தாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை, இன்னும் இல்லை. மனுவின் நகல் என் பையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை கீழே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். நாற்பது வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், இந்தப் பக்கத்து பெஞ்சில் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தம்பி சப்பைத் திரும்ப மாட்டினான். வடிகட்டியையும் பழையபடி 80க்குத் திருப்பினான். பேட்டரி மிச்சமிருந்தது. ஊர்ப் பையன்கள் ஆடினார்கள், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். மணி பத்தானதும் நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். "ரூல்ஸு, ஐயா?" என்றான். "ரூல்ஸுதான் தம்பி" என்றேன். நிறுத்தினான்.